ப்ளோ-ஆஃப் வால்வு ஸ்ப்ரிங்: 1 பார் பூஸ்டுக்கு எத்தனை சுற்று இறுக்க வேண்டும்?

14-06-2023, மாலை 6:10 (கேள்வி)

1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் வண்டி. கம்பெனி வால்வைக் கழற்றிவிட்டு, காலை எடுக்கும்போது டர்போவின் மிச்சக் காற்றை வெளியே விடும் வகை ப்ளோ-ஆஃப் வால்வு போட்டிருக்கிறேன். தலையில் அட்ஜஸ்ட்மென்ட் திருகு இருக்கிறது. பூஸ்ட் (டர்போ ஏற்றும் கூடுதல் காற்றழுத்தம்) 1 பார். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் து-து-து-து என்று அடிக்கிறது. க்ளட்சை மிதித்து நிற்கப் போனால் சில சமயம் எஞ்சின் ஆஃப் ஆகிவிடுகிறது. 1 பாரைத் தாங்க ஸ்ப்ரிங்கை எத்தனை சுற்று இறுக்க வேண்டும்? பெட்டியில் வந்த தாளில் தேவைக்கேற்பத் திருகவும் என்பதற்கு மேல் எதுவும் இல்லை.

14-06-2023, இரவு 8:35

திருகைத் தொடாதீர்கள். 1 பாரைத் தாங்குவது ஸ்ப்ரிங்கின் வேலையே இல்லை.

வால்வின் தலையிலிருந்து ஒரு சிறு ஹோஸ் இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்த்தொகுதிக்கு) போகிறது அல்லவா? த்ராட்டில் (எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் தட்டு) முழுதாகத் திறந்திருக்கும்போது, வால்வுக்குள் இருக்கும் பிஸ்டனுக்குக் கீழே டர்போ குழாயில் 1 பார், மேலே அந்த ஹோஸ் வழியாக வந்த 1 பார். இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். மிச்சம் இருப்பது ஸ்ப்ரிங் மட்டும், அது சும்மா மூடி வைத்திருக்கிறது. பூஸ்டை 1.5 பாருக்கு ஏற்றினாலும் இதே கதைதான்.

காலை எடுத்ததும் த்ராட்டில் மூடும், மேனிஃபோல்டில் வேக்கம் (வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம்) உண்டாகும். இப்போது கீழே அழுத்தம், மேலே இழுப்பு. அந்த வேறுபாடு ஸ்ப்ரிங்கை வென்றதும் வால்வு திறக்கும். ஆகவே ஸ்ப்ரிங்கை வைக்க வேண்டியது ஐட்லிங் வேக்கத்தைப் பார்த்து. உங்கள் எஞ்சின் சூடான பின் ஐட்லிங்கில் எத்தனை கிலோபாஸ்கல் வேக்கம் காட்டுகிறது? அந்த எண் தெரியாமல் சுற்றுக் கணக்குச் சொல்வது ஜோசியம்.

14-06-2023, இரவு 9:20

கணக்கு வேண்டும் என்பவர்களுக்கு. பிஸ்டன் விட்டம் 30 மி.மீ. என்றால் பரப்பு சுமார் 7.07 சதுர செ.மீ. ஐட்லிங் வேக்கம் 65 கிலோபாஸ்கல் என்றால் பிஸ்டனை மேலே இழுக்கும் விசை கிட்டத்தட்ட 46 நியூட்டன், அதாவது நாலே முக்கால் கிலோ எடைக்குச் சற்றுக் குறைவு. ஸ்ப்ரிங்கின் முன்னழுத்தமும் 46 என்றால் ஐட்லிங்கில் திறப்பதா மூடுவதா என்று வால்வு தத்தளிக்கும். 50 என்றால் மூடியிருக்கும். 35 என்றால் ஐட்லிங்கில் திறந்தே கிடக்கும்.

1 பார் பூஸ்டில் முழுதாகக் காலை எடுத்தால் கீழே +100 (1 பார் என்பது 100 கிலோபாஸ்கல்), மேலே −60. வேறுபாடு 160 கிலோபாஸ்கல், விசை 113 நியூட்டன். 50 நியூட்டன் ஸ்ப்ரிங் தாராளமாக வழிவிடும். ஸ்ப்ரிங் சரியாக இருந்தும் முழு பூஸ்டில் து-து-து அடிக்கிறது என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. ஹோஸ்தான் முதல் சந்தேக நபர்.

15-06-2023, காலை 7:15

இரவு சொல்லாமல் விட்டது. உங்கள் வண்டியின் இரண்டு நோயும் திருகை இரண்டு எதிர்த் திசைகளில் இழுக்கின்றன. து-து-து என்பது வால்வு திறக்க மறுப்பதால் காற்று டர்போவின் கம்ப்ரசர் சக்கரத்தின் மீதே திரும்பி மோதும் சத்தம், அதாவது சர்ஜ். அதற்கு ஸ்ப்ரிங்கைத் தளர்த்த வேண்டும். எஞ்சின் ஆஃப் ஆவதற்கு, பல சமயம், இறுக்க வேண்டும். ஒன்றைச் சரிசெய்யப் போனால் மற்றது மோசமாகும். திருகை மட்டும் வைத்துக்கொண்டு ஆடும் எல்லாரும் இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: ஏர் ஃபில்டருக்குப் பின்னால், டர்போவுக்கு முன்னால் காற்றை அளக்கும் மேஃப் சென்சார் இருக்கிறதா?

15-06-2023, பகல் 1:05 (கேள்வி கேட்டவர்)

இருக்கிறது. ஃபில்டர் பெட்டியின் வாயிலேயே. ஐட்லிங் வேக்கம் மீட்டரில் 19 அங்குல பாதரசம் காட்டுகிறது. கிலோபாஸ்கல் எவ்வளவு என்று தெரியவில்லை.

15-06-2023, மாலை 5:50

1 அங்குல பாதரசம் சுமார் 3.39 கிலோபாஸ்கல். 19 என்றால் 64. நல்ல எண், எஞ்சின் ஆரோக்கியமாக இருக்கிறது.

மேஃப் இருப்பதுதான் எஞ்சின் ஆஃப் ஆவதற்குக் காரணம். ஃபில்டரைத் தாண்டிய காற்றை ஈசியு (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) ஏற்கெனவே எண்ணிவிட்டது, அதற்கான பெட்ரோலும் கணக்காகிவிட்டது. நீங்கள் அந்தக் காற்றை வெளியே ஊதிவிடுகிறீர்கள். பெட்ரோல் வந்து சேர்கிறது, காற்று வரவில்லை. கலவை கெட்டியாகி, ஆர்பிஎம் விழும்போது பிடித்து நிறுத்த முடியாமல் எஞ்சின் உட்கார்ந்துவிடுகிறது. கியர் மாற்றும்போது சைலன்சரில் டப் டப் என்று வெடித்தாலும் இதே காரணம்தான்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஸ்ப்ரிங் மிகத் தளர்ந்து வால்வு ஐட்லிங்கில் திறந்து கிடந்தால், மேஃபைத் தொடாமல் வெளிக்காற்று உள்ளே போகும். அப்போது கலவை மெலியும், ஐட்லிங் ஏறி இறங்கும். ஸ்கேனரில் பார்த்தால் ஐட்லிங்கில் ஃப்யூயல் ட்ரிம் (ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்) பிளஸ் பக்கம் ஏறியிருக்கும், ஓடும்போது இயல்பாக இருக்கும். கூடவே அந்தக் காற்று ஃபில்டரைக் காணாத காற்று. தூசு நேராக கம்ப்ரசரைத் தாண்டி எஞ்சினுக்குள் போகிறது.

மேஃப் இல்லாமல் மேனிஃபோல்டு அழுத்தத்தை மட்டும் அளக்கும் மேப் சென்சார் வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. வெளியே ஊதினாலும் ஈசியு கணக்கு மாறாது. மேஃப் சென்சாரை வால்வுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே வைத்திருக்கும் அமைப்புகளிலும் பிரச்சினை இல்லை, ஏனென்றால் அளப்பதற்கு முன்பே காற்று வெளியேறிவிடுகிறது.

15-06-2023, மாலை 6:02

சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், மிட்சுபிஷி லேன்சர் எவல்யூஷன் போன்ற வண்டிகளில் கம்பெனியே காற்றைத் திரும்ப டர்போ வாய்க்குள் விடும் ரீசர்க்குலேஷன் வால்வு வைத்ததற்கு முக்கியக் காரணம் இந்த மேஃப் கணக்கு. சத்தம் பிடிக்காமல் மட்டும் வைத்ததல்ல.

16-06-2023, காலை 6:40

இனி வேலை. முதலில் ஹோஸ். திருகு கடைசியில்.

உள் விட்டம் 4 முதல் 6 மி.மீ. நீளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அரை மீட்டரைத் தாண்டாமல் பாருங்கள். தடித்த சுவர் உள்ள ஹோஸ் வேண்டும். மெல்லிய சிலிக்கான் ஹோஸ் பார்க்க அழகாக இருக்கும், எஞ்சின் சூட்டில் இளகியதும் வேக்கத்தில் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். அப்போது வேக்கம் வால்வுக்குத் தாமதமாகப் போகும், நீங்கள் ஸ்ப்ரிங்கைக் குறை சொல்வீர்கள்.

இந்த ஹோஸ் தனி. ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டர், பூஸ்ட் மீட்டர், பூஸ்ட் கன்ட்ரோலர் எதனோடும் டீ போட்டுப் பகிராதீர்கள். ஒவ்வொரு கிளையும் வால்வு தலையறையின் காற்றை இழுப்பதற்கு முன் தன் காற்றைக் காலி செய்ய வைக்கும். நடுவில் ஒருவழி வால்வோ சிறு துளை அடைப்பானோ இருந்தால் எடுத்துவிடுங்கள்.

எடுக்கும் இடம் த்ராட்டிலுக்குப் பின்னால், மேனிஃபோல்டின் பொதுவான வயிற்றுப் பகுதியில். ஒரே ஒரு சிலிண்டரின் கால்வாயிலிருந்து எடுத்தால் துடிப்பு அதிகம், பிஸ்டன் நடுங்கும். சில த்ராட்டில் பாடிகளில் தட்டுக்கு முன்னால் ஹோஸ் மாட்டும் ஒரு மூக்கு இருக்கும், அதில் மாட்டினால் கால் எடுக்கும்போது வேக்கமே கிடைக்காது. ஐட்லிங்கில் அந்த மூக்கில் மீட்டரை வைத்துப் பாருங்கள். 60க்கு மேல் காட்டாவிட்டால் அது உங்கள் மூக்கு அல்ல.

இரண்டு முனையிலும் க்ளிப் போடுங்கள். பூஸ்டில் ஹோஸ் கழன்றால் வால்வின் தலையில் வெளிக்காற்று அழுத்தம் மட்டும்தான் இருக்கும்.

16-06-2023, இரவு 9:15

மற்றொரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பூஸ்டுக்கும் ஸ்ப்ரிங்குக்கும் சம்பந்தம் இல்லை என்றால், நான் இரண்டு சுற்று இறுக்கியதும் 0.7 பாரில் நின்ற பூஸ்ட் 0.9க்குப் போனது எப்படி?"

காலையில் எழுதியதன் கடைசி வரியில் பதில் இருக்கிறது. உங்கள் வால்வின் தலைக்கு பூஸ்ட் போய்ச் சேரவில்லை. ஹோஸ் கழன்றிருக்கலாம், வெடித்திருக்கலாம், டயஃப்ரம் (சில வால்வுகளில் இருக்கும் ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கலாம். மேலே அழுத்தம் இல்லாதபோது கீழே இருப்பதை ஸ்ப்ரிங் ஒன்றே தாங்க வேண்டும். ஸ்ப்ரிங்கின் பலம் 70 கிலோபாஸ்கல் என்றால் 0.7 பாரில் வால்வு திறந்து, அதற்கு மேல் ஏறவிடாது. இறுக்கினீர்கள், எல்லை 0.9க்கு நகர்ந்தது. ஓட்டை அப்படியே இருக்கிறது.

முழு ஆக்சிலரேட்டரில் பூஸ்ட் எப்போதும் ஒரே எண்ணில் முட்டி நின்றால், அந்த எண் உங்கள் ஐட்லிங் வேக்கத்துக்கு அருகில் இருந்தால், முதலில் அந்த ஹோஸைப் பாருங்கள். ஈசியு இதை பி0299 என்று, பூஸ்ட் போதவில்லை என்று எழுதி வைத்திருக்கும். பூஸ்டை ஏற்றுவதும் இறக்குவதும் எக்ஸாஸ்ட் பக்கத்தில் இருக்கும் வேஸ்ட்கேட்டின் வேலை. அவர் வேறு, இவர் வேறு.

17-06-2023, காலை 8:00

திருகு அட்ஜஸ்ட் செய்யும் முறை. இரண்டு வழி உண்டு. என் ஓட்டு முதலாவதற்கு.

முதல் வழிக்கு மீட்டர் உள்ள கை வேக்கம் பம்ப் வேண்டும். எஞ்சின் ஆஃப். வால்வின் மேல் மூக்கில் பம்பை மாட்டி மெதுவாக இழுங்கள். பிஸ்டன் எத்தனை கிலோபாஸ்கலில் முதல் அசைவு காட்டுகிறது என்று வெளித்துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். கீழே வெளிக்காற்று, மேலே பம்பின் வேக்கம். ஐட்லிங்கில் எஞ்சின் செய்வதும் ஏறக்குறைய இதுதான். ஐட்லிங் வேக்கம் 64 என்றால், வெளியே ஊதும் வால்வுக்கு முதல் அசைவு 67 முதல் 70க்குள் இருக்கட்டும். ரீசர்க்குலேஷன் வால்வு என்றால் 50 முதல் 55 போதும். அது ஐட்லிங்கில் திறந்திருந்தாலும் அளந்த காற்றே சுற்றி வருகிறது, எந்தக் கெடுதலும் இல்லை. திறப்பும் விரைவாகக் கிடைக்கும்.

70ல் நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். முள் இறங்கினால் டயஃப்ரமோ ஓ-ரிங்கோ கசிகிறது. பிஸ்டன் வகைகளில் மிக மெதுவான இறக்கம் சகஜம். டயஃப்ரம் வகையில் இறங்கவே கூடாது.

பம்ப் இல்லையென்றால் இரண்டாம் வழி. எஞ்சின் நன்றாகச் சூடாகி, ஏசி, விளக்கு எல்லாம் ஆஃப். ஏசி ஓடினால் ஐட்லிங் வேக்கம் குறையும், அளவு பொய்யாகும். திருகின் இப்போதைய இடத்தை பெயின்டால் குறித்துவிட்டு, லாக் நட்டைத் தளர்த்தி, திருகை இடப்பக்கம் வெளியே எடுங்கள். முழுதாகக் கழற்றிவிடாதீர்கள், குறைந்தது ஐந்து மரையாவது பிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்ப்ரிங் மூடியோடு பறந்து போகும். மெல்லிய காகிதத் துண்டை வெளித்துளையில் பிடியுங்கள். உள்ளே இழுக்கப்பட்டால் வால்வு திறந்திருக்கிறது. கால் சுற்று வலப்பக்கம், சில நொடி பொறுங்கள், மறுபடி காகிதம். இழுப்பு நின்ற இடத்திலிருந்து இன்னும் அரைச் சுற்று. லாக் நட்டை இறுக்குங்கள், திருகு கூடவே சுற்றாமல் ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு.

17-06-2023, காலை 8:25

"எத்தனை சுற்று" என்பதற்கு இப்போது ஓரளவு பதில் சொல்லலாம். ஸ்ப்ரிங்கின் கடினம் மி.மீ.க்கு 4 நியூட்டன், திருகின் மரை இடைவெளி 1.5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 6 நியூட்டன். 30 மி.மீ. பிஸ்டனில் அது சுமார் 8.5 கிலோபாஸ்கல். கால் சுற்று 2 கிலோபாஸ்கல் சொச்சம். மேலே சொன்ன 67க்கும் 70க்கும் நடுவில் இருப்பது ஒரு சுற்றில் பாதி கூட இல்லை. "நாலு சுற்று இறுக்கிவிட்டேன்" என்று எழுதுபவர்கள் எங்கே போய் நிற்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

17-06-2023, மாலை 4:30

வண்டி நிற்கும்போது நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை உறுமவிட்டுச் சத்தம் கேட்டு அட்ஜஸ்ட் செய்யும் வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன. நியூட்ரலில் எஞ்சினுக்குச் சுமை இல்லை. சுமை இல்லாமல் பல வண்டிகளில் பூஸ்ட் 0.1 பார்கூட ஏறாது. அங்கே நீங்கள் கேட்பது வேறு சத்தம்.

ஆள் நடமாட்டம் இல்லாத பாதையில் மூன்றாம் கியர், 3000 ஆர்பிஎம்முக்கு மேல், முழு பூஸ்ட். சட்டென்று காலை எடுங்கள். பிறகு பாதி பூஸ்டில் சட்டென்று. பிறகு பாதி பூஸ்டில் மெதுவாக.

முழு பூஸ்டில் சட்டென்று எடுக்கும்போது து-து-து அடித்தால் கோளாறு. ஹோஸ், அல்லது பிஸ்டன் ஒட்டியிருக்கிறது, அல்லது டர்போ தள்ளும் காற்றுக்கு வால்வு சிறியது. குறைந்த பூஸ்டில் மெதுவாக எடுக்கும்போது மட்டும் லேசாக அடித்தால் அதை விட்டுவிடலாம். அங்கே மேனிஃபோல்டு +40லிருந்து −10க்கு இறங்குகிறது, குழாயில் இன்னும் 40 இருக்கிறது, வேறுபாடு 50தான். 68ல் திறக்கும் வால்வு திறக்காது. அதற்காக ஸ்ப்ரிங்கைத் தளர்த்தினால் ஐட்லிங் கெடும்.

18-06-2023, இரவு 10:10

ஒரு விதிவிலக்கைப் பதிந்துவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது பிடித்துக்கொள்வார்கள். முதல் குறிப்பில் மேலும் கீழும் 1 பார் சமம் என்று எழுதியது த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்கும்போது மட்டும். பாதி த்ராட்டிலில் மலையேறும்போது குழாயில் 60, மேனிஃபோல்டில் 5 என்று இருக்கலாம். வேறுபாடு 55. ஸ்ப்ரிங்கை 40க்குத் தளர்த்தி வைத்திருந்தால் வால்வு அங்கேயே வாயைத் திறக்கும். டர்போ ஊதிக்கொண்டே இருக்கும், வண்டி நகராது, பெடலில் ஒரு செத்த இடம் இருப்பதுபோல் தோன்றும்.

வால்வை இன்டர்கூலருக்கு (டர்போவின் சூடான காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டருக்கு) முன்னால் வைத்திருந்தால் இன்டர்கூலரில் விழும் அழுத்தமும் இந்த வேறுபாட்டோடு சேரும். 68ல் திறக்கும் வால்வுக்கு அது பொருட்டில்லை. ஆனால் ஓவர்லாப் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்) அதிகமுள்ள ரேஸ் கேம்ஷாஃப்ட் போட்ட எஞ்சின்களில் ஐட்லிங் வேக்கமே 35 முதல் 40 கிலோபாஸ்கல்தான். அதற்கேற்ற மென்மையான ஸ்ப்ரிங் போட்டால் இரு பக்கமும் இடி. அப்படிப்பட்ட எஞ்சினில் வால்வை இன்டர்கூலருக்குப் பின்னால், த்ராட்டிலுக்கு அருகே வைப்பதே நல்லது.

19-06-2023, பகல் 12:45 (கேள்வி கேட்டவர்)

ஹோஸ் ஒரு மீட்டருக்கு மேல் இருந்தது. பூஸ்ட் மீட்டருக்கும் அதிலிருந்தே டீ. தனி ஹோஸ் 30 செ.மீ.க்கு மாற்றினேன், திருகைத் தொடவில்லை. து-து-து முழு பூஸ்டில் போய்விட்டது. பம்பில் பார்த்தால் முதல் அசைவு 69. எஞ்சின் ஆஃப் ஆவது குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை.

19-06-2023, இரவு 8:20

69 என்றால் திருகு ஆரம்பத்திலிருந்தே சரியான இடத்தில்தான் இருந்திருக்கிறது. நல்லவேளை தொடவில்லை.

மிச்சமிருக்கும் தொல்லைக்குத் திருகில் மருந்து இல்லை. கியரில் காலை எடுத்து எஞ்சின் பிரேக்கிங்கில் இறங்கும்போது வேக்கம் 64ல் நிற்காது, 75க்கு மேல் போகும். வால்வு திறக்கும். அந்த நேரம் ஈசியு பெட்ரோலை நிறுத்தியிருப்பதால் கலவைப் பேச்சே இல்லை. நீங்கள் க்ளட்சை மிதிக்கிறீர்கள், ஆர்பிஎம் சரிகிறது, ஈசியு மறுபடி பெட்ரோலைத் திறக்கிறது. வால்வு அதற்குள் மூடியிருக்க வேண்டும். சற்றுப் பிந்தினால் மேஃப் காட்டும் எண்ணும் சிலிண்டரில் இருக்கும் காற்றும் ஒத்துப்போகாது. அந்த அரை நொடியில்தான் எஞ்சின் உட்காருகிறது.

ஸ்ப்ரிங்கை 80க்கு இறுக்கினால் இது போகும், து-து-து திரும்பி வரலாம். வெளித்துளைக்கு ரீசர்க்குலேஷன் மூடி கிடைக்கும் மாடலா என்று பாருங்கள். கிடைத்தால் 25 அல்லது 32 மி.மீ. ஹோஸ் வைத்து, மேஃபுக்குப் பின்னால், டர்போ வாய்க்கு முன்னால் உள்ள பழைய மூக்கில் இணையுங்கள். கம்பெனி வால்வைக் கழற்றியபோது அந்த மூக்கை அடைத்திருப்பீர்கள். அதன் பிறகு திருகைத் தளர்த்தி 52 அளவுக்குக் கொண்டுவாருங்கள். பாதி உள்ளே பாதி வெளியே விடும் இரட்டைத் துளை வால்வுகளும் உண்டு. சத்தமும் வேண்டும், எஞ்சினும் நிற்கக் கூடாது என்பவர்களின் சமரசம் அது. பாதிக் கணக்குப் பிழை அப்போதும் மிஞ்சும்.

20-06-2023, காலை 7:30

லீக் டெஸ்ட் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். டர்போ வாயில் மூடி போட்டு ஒர்க்ஷாப் ஏர் கம்ப்ரசரின் காற்றை 1 பார் வரை ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி பார்ப்பது வழக்கமான முறை. இதில் ப்ளோ-ஆஃப் வால்வைக் குறித்து இரண்டு பொய்யான முடிவுகள் வரும்.

ஒன்று, த்ராட்டில் மூடியிருந்தால் குழாயில் அழுத்தம் ஏறும், மேனிஃபோல்டில் ஏறாது. 0.7 பார் வாக்கில் வால்வு திறந்து புஸ் என்று விடும். வால்வு கெட்டுவிட்டது என்று குப்பையில் போடுகிறார்கள். வால்வு தன் வேலையைத்தான் செய்தது. த்ராட்டில் தட்டைத் திறந்து வைத்துச் சோதியுங்கள். திறந்திருந்தால் காற்று எஞ்சினுக்குள்ளும் போகும், கிராங்க்கேஸ் பக்கம் ஓரளவு சத்தம் கேட்கும், அது சகஜம். ஆயில் டிப்ஸ்டிக் எகிறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காற்றை மெதுவாக ஏற்றுங்கள்.

இரண்டு, ரீசர்க்குலேஷன் வால்வு. காற்று ஏற்றும் மூடி அந்தத் திரும்பும் குழாய்க்கும் முன்னால் இருந்தால் வால்வின் இரண்டு துளையிலும் ஒரே அழுத்தம். வால்வு சல்லடையாக இருந்தாலும் குமிழி வராது. திரும்பும் ஹோஸைக் கழற்றி, டர்போ பக்க மூக்கை அடைத்துவிட்டு, வால்வின் வாயில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

20-06-2023, இரவு 9:55

பிஸ்டன் சர்வீஸ். மூடியைத் திறக்கும்போது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு திறங்கள். பிஸ்டனையும் சுவரையும் நூல் உதிராத துணியால் துடைத்தால் போதும். பிரேக் க்ளீனரை ஓ-ரிங்கில் அடிக்காதீர்கள், ரப்பர் ஊதி பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். மிக மெல்லிய படலமாக சிலிக்கான் கிரீஸ். கை நிறைய அப்பினால் குளிரில் கெட்டியாகி வால்வு தூங்கும், வெயிலில் தூசு பிடித்து உரசும். அலுமினிய ஃப்ளாஞ்சில் 6 மி.மீ. போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் போனால் மரை கையோடு வந்துவிடும்.

வெளித்துளையைச் சுற்றி எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருந்தால் பதறாதீர்கள். கிராங்க்கேஸ் ஆவி டர்போவுக்கு முன்னால் சேர்வதால் ஊதும் காற்றில் கொஞ்சம் எண்ணெய் இருக்கும். சொட்டுச் சொட்டாக வழிந்தால்தான் டர்போ சீலையும், கிராங்க்கேஸ் ஆவியை விடும் பிசிவி வால்வையும் பார்க்க வேண்டும்.

21-06-2023, காலை 6:50

சில்லறைக் கேள்விகள்.

டீசல் வண்டியில் போடலாமா? டீசலில் கால் எடுத்தால் த்ராட்டில் பட்டென்று மூடிக் காற்றை அடைப்பதில்லை, பெட்ரோல் எஞ்சின் அளவுக்கு வேக்கமும் இல்லை. திறக்க வேண்டிய காரணமும் இல்லை, திறக்கும் சக்தியும் இல்லை. டீசலுக்கென்று விற்கப்படும் ஸ்விட்ச் வைத்த கிட்டுகள் சத்தத்துக்காக பூஸ்டைக் கொட்டுகின்றன. கொட்டியதை டர்போ மறுபடி நிரப்ப வேண்டும். வாங்குபவர் காதுக்குச் செலவு செய்கிறார், அவ்வளவுதான்.

புதிய வண்டியில் வால்வின் மேல் ஹோஸே இல்லை, ஒயர் மட்டும் வருகிறதே? ஃபோக்ஸ்வாகன்-ஆடி 2.0 டிஎஃப்எஸ்ஐ போன்ற எஞ்சின்களில் வால்வு டர்போவின் மேலேயே உட்கார்ந்திருக்கும், சோலனாய்டு மூலம் ஈசியு திறக்கும். திருக எதுவும் இல்லை. மாற்று வால்வு போடுவதாக இருந்தால் அந்த ஒயரை என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று முதலில் படியுங்கள், வெறுமனே கழற்றி விட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும்.

உயரமான மலைப்பகுதியில் து-து-து கூடுகிறதே? 300 மீட்டர் ஏறினால் ஐட்லிங் வேக்கம் ஏறக்குறைய 1 அங்குல பாதரசம், அதாவது 3.4 கிலோபாஸ்கல் குறையும். 1500 மீட்டரில் 64 என்பது 47 ஆகிவிடும். ஸ்ப்ரிங் அப்படியே இருக்கிறது, இழுப்பவர் மெலிந்துவிட்டார். ஓரிரு நாள் பயணத்துக்காகத் திருகாதீர்கள். அங்கேயே ஓடும் வண்டி என்றால் அங்கே வைத்து அட்ஜஸ்ட் செய்யுங்கள்.

சர்ஜால் டர்போ உடனே செத்துவிடுமா? கால் எடுக்கும்போது வரும் சிறு து-து-துவால் உடனே சாகாது. த்ராட்டில் திறந்து, சுமையில் ஏறும்போது அடிக்கும் சர்ஜ் வேறு ரகம். ஷாஃப்ட் முன்னும் பின்னுமாகத் தள்ளப்பட்டு த்ரஸ்ட் பேரிங் அடி வாங்கும். அதை எந்த ப்ளோ-ஆஃப் வால்வும் தீர்க்காது. கம்ப்ரசர் அளவும் பூஸ்ட் ஏற்றமும் பொருந்தவில்லை என்று பொருள்.

24-06-2023, மாலை 7:05 (கேள்வி கேட்டவர்)

ரீசர்க்குலேஷன் மூடி போட்டாயிற்று. முதல் அசைவு 53. எஞ்சின் ஆஃப் ஆகவில்லை. சத்தம் பாதியாகிவிட்டது, அதுதான் குறை.

24-06-2023, இரவு 8:00

ஃபில்டர் பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டினால் சத்தம் திரும்பிவிடும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள், எஞ்சின் சூட்டுக் காற்றை உறிஞ்சும்.

லாக் நட்டை ஓரிரு வாரம் கழித்து ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பெயின்ட் கோடு நகர்ந்திருந்தால் பம்பை மாட்டி 53 இருக்கிறதா என்று பாருங்கள். திரும்பும் ஹோஸின் க்ளிப்பையும் அப்படியே ஒரு பார்வை. அது கழன்றால் மேஃபுக்குப் பின்னால் 25 மி.மீ. ஓட்டை, ஐட்லிங்கே நிற்காது.